சிவப்புக் கொட்டகை தெரிகிறது

இந்த ஜாக்கெட் எனக்குக் கொஞ்சம் இறுக்கம். எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனிக்காரர்கள் லார்ஜ் அனுப்பிவிட்டார்கள். ஜிப் பாதிக்கு மேல் ஏறாது. பரவாயில்லை. நெஞ்சில் பாருங்கள், மஞ்சள் நூலில் ‘ஒலிங்கா ஈவான்’. முதுகில் ‘ஆண்டின் சிறந்த ஏஜென்ட்’. முதுகை நான் பார்க்க முடியாது, மற்றவர்கள் பார்க்கலாம். அதற்காக இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டேப் ஓடுகிறதா, வெண்டல் சார்? சரி. டீ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காய்ந்த சால்மன் மீனைப் பல்லால்தான் கிழிக்க வேண்டும், கத்தியை வைத்துவிடுங்கள்.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ‘மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், அழுத்தத்துக்கு ஆளாகி, விமானி டேல் புரூவிட் எடுத்த தவறான முடிவே விபத்துக்குக் காரணம்.’ ஒரே ஒரு திருத்தம். அந்த முடிவை டேல் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் பெயரைப் போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் விபத்தை விசாரிக்கிற அரசாங்க ஆளான உங்களை மறுபடியும் வரச் சொல்லி போன் செய்தேன்.

பதினோரு வருடமாகக் கினாருக்கில் விமானக் கம்பெனியின் ஏஜென்ட் நான். டிக்கெட் எழுதுவேன். பனிவண்டியில் சாமான்களை ஏற்றி ஓடுபாதைக்குக் கொண்டுபோவேன். ஓடுபாதையில் படுத்திருக்கும் நாய்களை விரட்டுவேன். ஆனால் முக்கியமான வேலை, இந்த ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான். அலாஸ்காவின் இந்தப் பக்கத்தில் ரோடு கிடையாது. பால்மாவு, தபால், பிரசவத்துக்குப் போகிற பெண், எல்லாம் ஒற்றை என்ஜின் செஸ்னா விமானத்தில்தான். வருகிற விமானி ரேடியோவில் கேட்பார்: “கினாருக், என்ன தெரியுது?” நான் பார்த்துச் சொல்வேன். எண்ணெய்த் தொட்டிகள் மட்டும் தெரிந்தால் அரை மைல். ஆற்றுக்கரையில் கிழவர் நிக்கோலாய் மீன் புகைபோடுகிற சிவப்புக் கொட்டகையும் தெரிந்தால் இரண்டு மைல். கம்பெனி விதி இரண்டு மைல். கொட்டகை தெரிந்தால் வரலாம். தெரியாவிட்டால் ரத்து. இதை ஓர் அட்டையில் எழுதி எல்லா விமானிகளுக்கும் கொடுத்திருக்கிறோம். என் கையெழுத்துதான்.

இங்கிருந்து இருபது நிமிடம் பறந்தால் நுனாபிக். அங்கே ஏஜென்ட் வசிலி. என் மாமன் மகன். இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. எங்கள் யூபிக் ஜனங்களில் மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் கேலி செய்தே ஆக வேண்டும். நாலு பேர் முன்னால் செய்தால் இன்னும் விசேஷம். கோபித்துக்கொண்டால் தோற்றதாக அர்த்தம். அதைவிடப் பெரியதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கல்யாணத்தில், சர்ச் வாசலில் நின்று வசிலி கேட்டான்: “மாப்பிள்ளைக்குக் கண்ணு தெரியாதா, இல்ல ஊர்ல வேற பொண்ணே கெடைக்கலையா?” நான் பொறுத்திருந்தேன். அடுத்த வசந்தத்தில் அவனுடைய புதுப் பனிவண்டி ஆற்றில் உடைந்த ஐஸ் வழியாக முழுகிப்போனது. ஒரு தூண்டில் முள்ளை உறையில் போட்டு அவனுக்கு அனுப்பினேன், விமானத் தபாலில்.

அப்படி ஆரோக்கியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கம்பெனி இந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. வருடத்தில் எந்த ஊருக்கு ரத்து குறைவோ, அந்த ஏஜென்ட்டுக்கு டிசம்பரில் ஜாக்கெட். நான்கு வருடம் வரிசையாக வசிலிக்கே போனது. ஜனவரியில் எங்கள் கிறிஸ்துமஸ், ஸ்லாவிக். பெரிய நட்சத்திரத்தைச் சுழற்றிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போவோம்; ஊர் விட்டு ஊரும் போவோம். நான்கு வருடமும் வசிலி நட்சத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்தான். நான்கு ஜாக்கெட்டிலும் வந்தான். பாட்டு முடிந்ததும் எனக்கு முதுகைக் காட்டி நிற்பான்.

“ஒலிங்கா, என் முதுகுல என்னமோ எழுதியிருக்காம். படிச்சுச் சொல்லு புள்ள. ஒனக்குக் கொட்டகைதான் தெரியாது, இதாச்சும் தெரியுதான்னு பாப்போம்.”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கிண்ணத்தில் மூஸ் மான் சூப்பை நிறையவே ஊற்றினேன்.

கொட்டகையை முதலில் நகர்த்தியது நானில்லை, சார். ஆறு. நான்கு வருடத்துக்கு முன்னால் கரை இடிந்து, கொட்டகை வாசல் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. நிக்கோலாய் பயந்துபோய், பனி விழுந்ததும் அடியில் சறுக்குக் கட்டைகள் கொடுத்து அதைக் கால் மைல் இந்தப் பக்கம் இழுத்து வைத்தார். இங்கே எல்லோரும் செய்வதுதான். எங்கள் வீடுகளுக்கே ஒரே இடத்தில் நிற்கிற பழக்கம் கிடையாது. அட்டையைத் திருத்த நினைத்தேன். பேனாவில் மை உறைந்திருந்தது. அந்த மாதம் ஐந்து ரத்து குறைந்தது. பிறகு மை இளகியது. ஆனால் அதற்குள் அட்டை பழகிவிட்டது.

அடுத்த வருடம், கரை மறுபடியும் இடியலாம் என்று எனக்குத் தோன்றியது. நிக்கோலாய்க்குத் தோன்றவில்லை. வயதானவர், அவருக்கு எதற்குக் கவலை என்று நானே என் பனிவண்டியில் கட்டி அரை மைல் இழுத்துக் கொடுத்தேன். போன நவம்பரில் அவருக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் நடக்கிறாரே என்று பாவமாக இருந்தது. இன்னொரு அரை மைல். புது பெயின்ட்டும் அடித்தேன், மங்கலிலும் கண்ணில் அடிக்கிற சிவப்பு.

“எனக்கு எதுக்கு புள்ள இவ்வளவு உபகாரம்?” என்று கேட்டார்.

“அக்கம்பக்கத்துல இதுகூடச் செய்யலன்னா எப்படி மாமா?” என்றேன்.

ஆக, இப்போது அது ஓடுபாதையிலிருந்து முக்கால் மைல். ஆனால் ஒருநாளும் ரேடியோவில் நான் ‘இரண்டு மைல்’ என்று சொன்னதில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எல்லா வீட்டிலும் சமையலறையில் ரேடியோ ஓடுகிறது. ‘சிவப்புக் கொட்டகை தெரியுது’ என்றுதான் சொன்னேன். தெரிந்தது.

விமானிகள் கவனிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். தெளிவான நாளில் எவரும் கொட்டகையைத் தேடுவதில்லை, ஓடுபாதையே தெரியும். மங்கலான நாளில் கண்ணில் பட்டதே என்ற சந்தோஷத்தில் தூரத்தை யார் அளக்கிறார்கள்? போன வாரம் நீங்கள்கூட அதை அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தீர்கள்.

கொட்டகை மட்டும் போதாது. மனிதர்களையும் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஒவ்வொரு விமானிக்கும் ஒரு கயிறு உண்டு, சார். சக் என்பவரிடம், போட்டிக் கம்பெனி விமானம் இப்போதுதான் இறங்கி டீ குடித்துவிட்டுப் போனது என்றால் போதும். பனிப்புயலைக் கிழித்துக்கொண்டு வருவார். லார்னாவிடம் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்பேன். அதை மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. இந்த ஊரில் அத்தனை குழந்தைகள் இல்லை.

டேலுக்கு மட்டும் கயிறே அகப்படவில்லை. நாற்பத்தொரு வயது, இங்கே பறக்க வந்து இரண்டு வருடம். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. வருகிற போதெல்லாம், கம்பெனி விமானங்கள் கிளம்புகிற பெத்தல் ஊர்க் கடையிலிருந்து எனக்கு ஆரஞ்சு வாங்கி வருவான். கேட்க மாட்டேன், அவனாகவே வாங்கி வருவான். ஆனால் மேகம் கொஞ்சம் தாழ்ந்தால் திரும்பிப் போய்விடுவான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், “செத்துப்போன பைலட் குழந்தைய எங்க கொண்டுபோய்ச் சேப்பான், அக்கா?” என்பான். பதில் சொல்ல முடியாத மாதிரி பேசுகிற ஆள். போன வருடம் எனக்கு வந்த ரத்துகளில் பாதி அவன் போட்டது.

அதனால் அவனுக்குப் பெயர் வைத்தேன். யூ-டர்ன். முதல் தடவை ரேடியோவில் சொன்னபோது வசிலி நுனாபிக்கிலிருந்து சிரித்தது இங்கே கேட்டது. ஒரே வாரத்தில் இந்த ஆற்று டெல்டாவின் ஊர்கள் முழுக்கப் பரவிவிட்டது. அவன் ஓடுபாதையில் இறங்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். பெத்தலில் அவன் காபிக் குவளையில் யாரோ வளைந்த அம்புக்குறி வரைந்து வைத்தார்களாம்.

நிக்கோலாய்தான் ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அவன நீ கேலி பண்ணக் கூடாது புள்ள. அவன் நமக்கு மொறை இல்ல. திருப்பிக் குடுக்க அவனுக்குத் தெரியாது.”

“கத்துக்குவான் மாமா” என்றேன்.

உண்மையில், கேலி செய்தால் சொந்தமாக்கிக்கொண்டோம் என்று அர்த்தம். வெளியூர்க்காரன் ஒருவனை மாமன் மகன் இடத்தில் வைத்தேன். அதைவிட மரியாதை என்ன இருக்கிறது? அவன் திருப்பிக் கொடுப்பான் என்று காத்திருந்தேன். டிசம்பரில் இந்த ஜாக்கெட் பார்சலைக் கொண்டுவந்ததே அவன்தான். இங்கேயே போட்டுப் பார்த்தேன், ஜிப் ஏறவில்லை. இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? வசிலியாக இருந்தால் மூன்று வருடத்துக்குப் பேச்சு வைத்திருப்பான். டேல் என்னைப் பார்த்து, “நல்லா இருக்குக்கா, ஒங்களுக்குப் பொருத்தமான நெறம்” என்றான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

டேப் நின்றுவிட்டது, சார். திருப்பிப் போடுங்கள்.

சரி. ஜனவரி ஒன்பது. ஸ்லாவிக். என் வீட்டில் நட்சத்திரம் வருகிற நாள். சூப், பெர்ரிகளைக் கொழுப்பில் அடித்துச் செய்கிற அகுதக், இரண்டு பெரிய பாத்திரம். வீடு நிறைய ஜனம். நுனாபிக்கிலிருந்து நட்சத்திரத்தோடு வசிலி வருகிறான். டேலின் விமானம். நான் இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வசிலிக்கு முதுகைக் காட்டி எந்த இடத்தில் நிற்பது என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன். சுவரிலிருக்கிற ஐகான் சாமி படத்துக்கு இடப் பக்கம், வெளிச்சம் நன்றாக விழும்.

மதியம் ஒரு மணிக்கு ரேடியோ கூப்பிட்டது.

“கினாருக், டேல் பேசறேன். நுனாபிக்லேருந்து கெளம்பிட்டேன். பாதி வானம் இருக்கு, பாதி இல்ல. அங்க என்ன தெரியுதுக்கா?”

ஜன்னலைப் பார்த்தேன். காற்று தரைப் பனியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கொட்டகை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. தெரிந்த நேரத்தில் மைக்கை அழுத்தினேன்.

“சிவப்புக் கொட்டகை தெரியுது தம்பி.”

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அவன்.

“அக்கா, என் ரெக்க நுனியே எனக்குத் தெரியல. திரும்பிடலாம்னு பாக்கறேன்.”

வசிலி பக்கத்து சீட்டிலிருந்து அவன் மைக்கை வாங்கிக்கொண்டான். “ஏ புள்ள, ஒங்க ஊர்ல வானமே தீந்துபோச்சாமே. சொல்லியிருந்தா எங்க ஊர்லேருந்து ரெண்டு மூட்ட கொண்டாந்திருப்பேனே.”

“வானம் இங்க கொட்டிக் கெடக்கு வசிலி. ஒன் டிரைவருக்குத்தான் பழக்கம் விடல. என்ன யூ-டர்ன் தம்பி, இன்னிக்கும் அதே திருப்பந்தானா? போயிட்டு வா. ஊரே காத்துக்கிட்டு இருக்கு, பரவால்ல. நாங்க நட்சத்திரம் இல்லாமயே கும்பிட்டுக்கறோம். பண்டிகைய இன்னொரு நாள் வச்சுக்கலாமான்னு சாமியக் கேட்டுப் பாக்கறேன்.”

யாரோ மைக்கை இரண்டு தடவை தட்டினார்கள். ரேடியோவில் அது சிரிப்பு. இன்னொருவர் தட்டினார். இன்னொருவர். பிறகு டேல்.

“கொட்டகை நெசமாவே தெரியுதாக்கா?”

“தெரியுது.”

“சரி. வரேன்.”

அந்த ‘வரேன்’ சொல்ல அவனுக்கு இரண்டு வருடம் ஆனது, சார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். குரலில் அப்படி ஒரு நிம்மதி. “அக்கா, கொட்டகை தெரியுது. நீங்க சொன்னது சரிதான். சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்குங்க.”

மற்றதை வசிலி ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னான். மற்ற விமானிகள் கொட்டகையைத் தாண்டினால் கண்ணை நம்பி வருவார்கள். ஓடுபாதை சீக்கிரமே வந்துவிட்டால் நல்லதாகப் போயிற்று என்று இறங்குவார்கள். டேல் கடிகாரத்தை நம்புகிறவன். முன்னால் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, “ரெண்டு மைல், எழுவது செகண்டு. அம்பதுல எறங்க ஆரம்பிச்சாப் போதும்” என்றானாம். எண்ணிக்கொண்டே வந்தானாம், சத்தமாக. சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். ஓடுபாதை அவன் காலுக்கு அடியில் இருபத்தேழாவது செகண்டிலேயே போய்விட்டது.

ஓடுபாதையைத் தாண்டி ஒரு மைலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தட்டைச் சதுப்பில் இருக்கிற ஒரே மேடு, எங்கள் கல்லறை மேடு.

பயப்படாதீர்கள், வசிலி பிழைத்துவிட்டான். வசிலிக்கு ஒரு கால் உடைந்தது, நட்சத்திரத்துக்கு ஒரு முனை. முந்தாநாள் போன் செய்தான். “ஏ புள்ள, ஒன் ஜாக்கெட்டப் பாக்க வைக்கறதுக்கு என் கால ஒடைக்கணுமா? ஒரு போட்டோ அனுப்பியிருந்தா ஆகாதா?” என்றான். நல்ல கேலி. ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னும் பதில் கொடுக்கவில்லை; யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டேல் அங்கேயே போய்விட்டான். சிலுவைகளுக்கு நடுவில், வெள்ளைப் பனியில், ஆரஞ்சுப் பழங்கள் சிதறிக் கிடந்தன. ஒரு பெட்டி. பண்டிகைக்கு என்று வாங்கியிருக்கிறான். பழம் ஒன்றும் அடிபடவில்லை.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. அவன் தாண்டிப் போனது எனக்குத் தெரியுமா?

தெரியும். ஓடுபாதைக்குப் பக்கத்து வீடு இதுதான். என் கூரைக்கு மேலே, சூப் கரண்டி ஆடுகிற அளவுக்குத் தாழ்வாகப் போனான். மைக் என் கையில் இருந்தது. அங்கிருந்து மேட்டுக்கு அரை நிமிடம். ‘தாண்டிட்ட, ஏறு’ என்று சொல்ல மூன்று செகண்டு போதும். சொல்லியிருந்தால் ஏறியிருப்பான், சொன்னதைக் கேட்கிற பையன் அவன். ஏறியிருந்தால் நேரே பெத்தலுக்குப் போயிருப்பான், வசிலியையும் கூட்டிக்கொண்டு. ரத்து. வருடம் பிறந்து ஒன்பதே நாளில் முதல் ரத்து, அதுவும் வீடு நிறைய ஜனம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நானே என் வாயால்.

அதனால் காத்திருந்தேன். அவனே திரும்புவான் என்று நினைத்தேன். திரும்புவதில் பெயர் வாங்கிய ஆள் அவன். அந்த ஒரு நாள் மட்டும் திரும்பவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

அந்த அரை நிமிடம்தான், சார், உங்கள் அறிக்கையில் ‘முடிவு’ என்று இருப்பது. என் பெயரைப் போடுங்கள். ஒலிங்காவில் ஓ இல்லை, ஒ.

ஏன் டீயைத் தள்ளி வைத்துவிட்டீர்கள்? ஆறிவிட்டதா?

ஒரு நிமிடம். ரேடியோ கூப்பிடுகிறது. உங்களைக் கூட்டிப்போக லார்னா வருகிறாள்.

“கினாருக், லார்னா பேசறேன். பனி கனமா எறங்குதுக்கா. ஆபீசர் சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது வந்து கூட்டிட்டுப் போகணும்னு காலைல மூணு தடவ சொன்னாரு. அதான் கெளம்பிட்டேன். என்ன தெரியுது?”

கேட்டீர்களா? அந்த ‘எப்படியாவது’ இருக்கிறதே, நானும் அதே சரக்கைத்தான் விற்கிறேன். ஜன்னலைப் பாருங்கள். அதோ, தெரிந்து மறைகிறது பாருங்கள், சிவப்பாக. அப்புறம் நான் பொய் சொன்னேன் என்று எழுதக் கூடாது.

“சிவப்புக் கொட்டகை தெரியுது லார்னா.”

என்ன சார் இது. கேட்டால் நானே கொடுத்திருப்பேனே, மைக்கை இப்படியா பிடுங்குவது? டீ முழுக்க டேப்பில் கொட்டிவிட்டது.

கத்தாதீர்கள். ஒரு தடவை சொன்னால் அவளுக்குக் கேட்கும்.

திரும்பிவிட்டாளா? நல்லது. உட்காருங்கள். இன்றைக்கு இனி விமானம் கிடையாது; நாளைக்கும் சந்தேகம்தான். அந்தப் பெஞ்சில் படுத்துக்கொள்ளலாம், போர்வை தருகிறேன். சூப் இருக்கிறது. டேலின் ஆரஞ்சு இரண்டு மிச்சம் இருக்கிறது, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இதைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வருடத்தின் முதல் ரத்து. காரணம்: வெண்டல் சார். இதுவரை எனக்கு ஒரு ரத்துகூடக் கிடையாது.

டேலா? அவன் விமானத்தை எப்படி ரத்து என்று எழுதுவது, சார்? அது வந்து சேர்ந்துவிட்டதே.